கல்வராயன் மலை வீடு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே உள்ள கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் மண், மூங்கில், புல் ஆகியவற்றைக் கொண்டு கட்டிவந்த குடும்ப வீடு. இம்மக்கள் பேசுவது தமிழ். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது.

மலை கிழக்குத் தொடர்ச்சியின் ஒரு பகுதி. வடபகுதி சின்னக் கல்வராயன், தென்பகுதி பெரிய கல்வராயன். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்பது மலையாளிகளின் வாய்மொழி மரபு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலும் இக்கதையைப் பதிவு செய்திருக்கிறது. மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகிர்களின் (பரம்பரை நில ஆட்சிகளின்) கீழ் இருந்தது. தம் உரிமை கிருஷ்ணதேவராயர் காலத்துக் கொடை என்று ஜாகிர்தார்கள் சொல்லிவந்தனர். இனாம் (கொடை நில) ஒழிப்புச் சட்டம் 1963-இல் வந்தும் மலை அரசின் கைக்கு வந்தது 1976-இல்தான். வீடு நிற்கும் மனை தன்னுடையது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத குடியானவன் கருங்கல்லுக்கும் காரைக்கும் காசு போடவில்லை என்றால் அதில் வியப்பில்லை. மண் வீட்டுக்கு வறுமை ஒன்றையே காரணமாக எழுதுவோர் இதைப் பார்ப்பதில்லை.

சுவரை வைத்து இவ்வீடுகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று படல் சுவர்: நட்ட கம்புகளுக்கிடையே மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, இருபுறமும் செம்மண் அப்புவது. மற்றது கட்டு மண் சுவர்: மண்ணில் நீர் விட்டு, வைக்கோல் கலந்து மிதித்துப் புளிக்கவிட்டு, ஒரு வரி வைத்துக் காய்ந்தபின் அடுத்த வரி வைப்பது. வைக்கோல், காயும்போது மண் வெடிக்காமல் பிடித்துக்கொள்கிறது. அவசரப்பட்டு ஈரச்சுவரின்மேல் வரி ஏற்றினால் கீழ்வரி பிதுங்கிவிடும். படல் சுவர் மெல்லியது, சீக்கிரம் எழும்பும்; தடித்த மண் சுவரோ பகல் வெயிலை மெல்ல வாங்கி இரவில் மெல்ல விடுவதால், குளிரும் மலை இரவுக்கு ஏற்றது.

மண் சுவருக்கு எமன் தண்ணீர். கூரையிலிருந்து விழும் நீர் தரையில் பட்டுத் தெறித்துச் சுவரின் அடியை அரிக்கும். தரை ஈரமும் மேலேறும். இதற்காகவே வீட்டை மேட்டில் ஏற்றி, திண்ணையைச் சுற்றிவிட்டு, கூரை விளிம்பான இறவாணத்தைச் சுவருக்கு வெகு வெளியே தாழ இறக்குவார்கள். குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டியிருக்கும். அந்தக் குனிவு சுவரின் ஆயுளுக்குக் கொடுக்கும் விலை. புல் கூரை செங்குத்தாகச் சரிந்திருக்க வேண்டும். சரிவு குறைந்தால் நீர் வழியாமல் உள்ளே ஊறிப் புல் மக்கும்.

மூங்கிலில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைக்கும். முற்றிய கழியாகப் பார்த்து வெட்டி, நீரில் ஊறப்போட்டு அந்தச் சத்தைக் கரையவிடுவது பழைய முறை. அடுப்புப் புகை பரண் வழியே கூரைக்கு ஏறிப் புல்லையும் மூங்கிலையும் பூச்சியிடமிருந்து காக்கிறது; பரணில் வைத்த சாமைக்கும் தினைக்கும் அதுவே காவல். புகைபோக்கி வைத்த சமையலறை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லது, கூரைக்குக் கெட்டது. கரையானுக்கு இத்தனை எளிய மருந்தில்லை. கம்பை மண்ணில் நடாமல் கல்மேல் நிறுத்துவது ஓரளவு உதவும்.

இவ்வீட்டின் ஆயுளைக் கட்டிய ஆண்டிலிருந்து எண்ணுவது பொருந்தாது. தரையும் சுவரும் சாணமும் மண்ணும் கொண்டு அடிக்கடி மெழுகப்படுகின்றன. புல் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றப்படுகிறது. மெழுகுவது பெரும்பாலும் பெண்களின் வேலை, கூலிக்கணக்கில் வராதது. ஆள் குடியிராத மண் வீடு சில மழைக்காலத்துக்குள் கரைந்துவிடும்.

இம்மரபைப் புதுக்கும் முயற்சிகள் அருகில் உண்டு. கல்வராயன், சித்தேரி மலைகளுக்கிடையே தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கியில் 1993-இல் பழங்குடி மருத்துவப் பணி ஒரு குடிசையில்தான் தொடங்கியது. அங்குள்ள துளிர் கல்வி மையம் மண் கட்டடங்களை எழுப்பியிருக்கிறது. 1989-இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம், சிறிதளவு சிமெண்ட் கலந்து அழுத்திய, சுடாத மண் கற்களைப் பரப்பியது.

அரசு வீட்டுத் திட்டங்கள் கான்கிரீட்டையே ஏற்றன: 2011-இல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி, 2024-இன் கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. மலையில் புல் வேய்ந்த வீடுகள் இப்போது குறைந்துவருகின்றன.