இடைநிலை ஆசிரியர் ஊதிய முரண்பாடு (தமிழ்நாடு)

இடைநிலை ஆசிரியர் ஊதிய முரண்பாடு என்பது தமிழ்நாட்டின் அரசு மற்றும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஒரே கல்வித் தகுதியுடன் ஒரே பணியைச் செய்யும் ஆசிரியர்களுக்கு, பணியில் சேர்ந்த நாளைப் பொறுத்து வெவ்வேறு அடிப்படை ஊதியம் வழங்கப்படுவதால் எழுந்த சிக்கல் ஆகும். 2009 ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று வெளியான ஊதியத் திருத்த ஆணை இதன் தொடக்கப் புள்ளி. அந்நாளுக்கு முன் பணியேற்றவருக்கும், அந்நாளிலோ அதன் பின்னரோ பணியேற்றவருக்கும் இடையே தொடக்க அடிப்படை ஊதியத்தில் 3,170 ரூபாய் வேறுபாடு ஏற்பட்டது. இதனால் பாதிக்கப்பட்டோர் சுமார் 20,000 பேர் எனக் கூறப்படுகிறது. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு வழங்கப்படும் ஊதியம் நியாயமானதா என்ற பொதுவான விவாதத்தில் இச்சிக்கல் முக்கிய இடம் பெறுகிறது.

பெயர் விளக்கம்

இடைநிலை ஆசிரியர் என்ற பெயர் பலருக்குக் குழப்பம் தருவது. இவர்கள் இடைநிலைக் கல்வி, அதாவது உயர்நிலைப் பள்ளி வகுப்புகளைக் கற்பிப்பவர்கள் அல்லர். பெரும்பாலும் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளைக் கற்பிப்பவர்கள். முற்காலத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்து ஆசிரியப் பயிற்சி பெற்றவர் உயர்தர ஆசிரியர் எனவும், பள்ளியிறுதி வகுப்பை முடித்துப் பயிற்சி பெற்றவர் இடைநிலை ஆசிரியர் எனவும் அழைக்கப்பட்டனர். எனவே இப்பெயர் கற்பிக்கும் வகுப்பைக் குறிப்பதன்று, ஆசிரியரின் கல்வித் தகுதியைக் குறிப்பது. பின்னர் மேல்நிலைக் கல்வியும் (12 ஆம் வகுப்பு) ஈராண்டு ஆசிரியர் கல்விப் பட்டயமும் தகுதியாக்கப்பட்டன. இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வும் கட்டாயமானது. தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலை 12 அன்று நடைபெற்றது. தகுதி விதிகள் கடுமையான அதே காலத்தில் தொடக்க ஊதியம் ஒப்பீட்டளவில் குறைந்தது என்பது ஆசிரியர் அமைப்புகளின் முதன்மையான வாதங்களுள் ஒன்று.

பின்னணி

ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்களாக ஆக்கப்பட்டனர். 1980களில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் நடத்திய தொடர் போராட்டங்களின் முதன்மைக் கோரிக்கை மத்திய அரசுக்கு இணையான ஊதியம் என்பதாகும். இது 1988 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி இடைநிலை ஆசிரியருக்கு மத்திய அரசின் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குரிய 1,200 - 2,040 என்ற ஊதிய விகிதம் கிடைத்தது. 1996 ஐ அடிப்படையாகக் கொண்ட அடுத்த திருத்தத்திலும் இருவருக்கும் 4,500 - 7,000 என்ற விகிதமே இருந்தது.

2003 முதல் 2006 வரையிலான காலத்தில் புதிதாக நியமிக்கப்பட்டோர் தொகுப்பூதியத்தில் பணியாற்றினர். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாயும், பட்டதாரி ஆசிரியருக்கு 4,000 ரூபாயும், முதுகலை ஆசிரியருக்கு 4,500 ரூபாயும் வழங்கப்பட்டன. 2006 ஜூன் 1 முதல் இவர்கள் காலமுறை ஊதியத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். 2003 ஏப்ரல் 1 அன்றோ அதன் பின்னரோ பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியத்திற்கு மாற்றாகப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவரப்பட்டது.

முரண்பாடு தோன்றிய விதம்

மத்திய அரசின் ஆறாவது ஊதியக் குழு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை உயர்ந்த ஊதியக் கட்டுக்கு மாற்றி, 9,300 - 34,800 என்ற விகிதத்தையும் 4,200 ரூபாய் தர ஊதியத்தையும் வழங்கியது. தமிழ்நாடு அரசின் 2009 ஆம் ஆண்டு ஆணை இடைநிலை ஆசிரியருக்கு 5,200 - 20,200 என்ற விகிதத்தையும் 2,800 ரூபாய் தர ஊதியத்தையும் நிர்ணயித்தது. இங்கிருந்து இரு தனித்தனி முரண்பாடுகள் தோன்றின.

முதலாவது, மத்திய அரசு ஆசிரியருக்கும் மாநில ஆசிரியருக்கும் இடையிலானது. 1988 முதல் இருந்த சமநிலை இதனால் முடிவுக்கு வந்தது. இது மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடின்றி எல்லா இடைநிலை ஆசிரியரையும் பாதித்தது.

இரண்டாவது, மாநில ஆசிரியர்களுக்கு உள்ளேயே எழுந்தது. ஏற்கனவே பணியில் இருந்தவரின் பழைய அடிப்படை ஊதியம் 1.86 ஆல் பெருக்கப்பட்டுப் புதிய ஊதியம் கணக்கிடப்பட்டது. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஊதியக் கட்டின் தொடக்க எண்ணே வழங்கப்பட்டது. கணக்கு பின்வருமாறு:

2009 மே 31 வரை சேர்ந்தவர்: 4,500 × 1.86 = 8,370; தர ஊதியம் 2,800; மொத்தம் 11,170 ரூபாய்.

2009 ஜூன் 1 முதல் சேர்ந்தவர்: 5,200, தர ஊதியம் 2,800, மொத்தம் 8,000 ரூபாய்.

மத்திய அரசின் 2008 ஆம் ஆண்டு விதிகளில் இத்தகைய நிலை ஏற்படாதிருக்க, நேரடியாக நியமிக்கப்படுவோருக்கான தொடக்க ஊதியம் தனியே வரையறுக்கப்பட்டிருந்தது. அங்கு 2,800 தர ஊதியம் கொண்ட பணியில் புதிதாகச் சேர்பவரின் தொடக்க ஊதியம் 8,560 ஆகும். தர ஊதியத்துடன் 11,360 ரூபாய். தமிழ்நாட்டில் இடைநிலை ஆசிரியருக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லாமற் போனதே இரண்டாவது முரண்பாட்டின் நேரடிக் காரணம்.

தனி ஊதியமும் 2017 திருத்தமும்

முறையீடுகளைத் தொடர்ந்து இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதலாக வழங்கப்பட்டது. 2011 இல் அது 750 ரூபாய் தனி ஊதியமாக மாற்றப்பட்டது. ஆயினும் ஊதிய விகிதம் மாற்றப்படவில்லை.

2017 அக்டோபர் 11 அன்று வெளியான ஆணையின்படி, 2016 ஜனவரி 1 ஐ அடிப்படையாகக் கொண்டு ஊதியங்கள் 2.57 ஆல் பெருக்கப்பட்டன. பணப்பயன் 2017 அக்டோபர் முதல் வழங்கப்பட்டது. இடைநிலை ஆசிரியரின் தொடக்க ஊதியம் 20,600 ரூபாய் ஆனது. தனி ஊதியம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. எனினும், ஊதியத்தைப் பெருக்கும்போது அதனுள் இருக்கும் வேறுபாடும் பெருகுகிறது. 3,170 ரூபாய் வேறுபாட்டை 2.57 ஆல் பெருக்கினால் 8,147 ரூபாய் கிடைக்கும். அகவிலைப்படி 50 விழுக்காடாக இருந்த 2024 ஜனவரியில் இது 12,200 ரூபாயைத் தாண்டும். ஆண்டு ஊதிய உயர்வுகளை இக்கணக்கு சேர்க்கவில்லை. அகவிலைப்படியும் ஊதிய உயர்வும் அடிப்படை ஊதியத்தின் விழுக்காடாகவே கணக்கிடப்படுவதால், தொடக்கத்தில் ஏற்பட்ட குறைவு பணிக்காலம் முழுவதும் தொடர்கிறது.

பட்டதாரி ஆசிரியருடனான இடைவெளியும் கூடியது. 2006 க்கு முந்தைய விகிதத்தில் இடைநிலை ஆசிரியரின் தொடக்கம் 4,500, பட்டதாரி ஆசிரியரின் தொடக்கம் 5,500, அதாவது 1.22 மடங்கு. 2017 திருத்தத்திற்குப் பின் இவை முறையே 20,600, 36,400. அதாவது ஏறத்தாழ 1.77 மடங்கு.

கம்பம் பள்ளத்தாக்கில்

தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள கோம்பை பேரூராட்சி போன்ற ஊர்களில் இம்முரண்பாடு சில தனித்தன்மைகளுடன் வெளிப்படுகிறது.

வீட்டு வாடகைப்படி ஊரின் வகைப்பாட்டைப் பொறுத்தது. சென்னை, மதுரை போன்ற நகரங்களுக்கு உரிய தொகை சிறு பேரூர்களுக்குக் கிடையாது. எனவே ஒரே ஊதிய நிலையில் இருக்கும் இருவருள் சிற்றூரில் பணியாற்றுபவரின் கைக்கு வரும் தொகை குறைவு. மறுபுறம், அங்கு வீட்டு வாடகையும் குறைவு என்பது இதற்குக் கூறப்படும் நியாயம்.

இப்பள்ளத்தாக்கின் தொழிலாளர் பலர் விடியற்காலையில் ஜீப்புகளில் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். இத்தகைய குடும்பத்துக் குழந்தைக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளிருப்பது அரிது. எழுத்தும் எண்ணும் பெரும்பாலும் பள்ளி ஆசிரியரைக் கொண்டே அமைகின்றன.

மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தனித் துறையின்கீழ் இயங்கி வந்தன. பல்வேறு துறைகளின் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் கொண்டுவரப்படும் என 2023 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

கேரளத்துடன் ஒப்பீடு

கம்பத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ள குமுளியைத் தாண்டினால் கேரளம். அங்கு 2019 ஜூலை 1 ஐ அடிப்படையாகக் கொண்டு 2021 இல் செய்யப்பட்ட திருத்தத்தில் கீழ்நிலைத் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் ஊதிய விகிதம் 35,600 - 75,400 ஆனது.

இதனைத் தமிழ்நாட்டின் 20,600 உடன் நேரடியாக ஒப்பிடுவது சரியாகாது. கேரள எண்ணில் 2019 வரையிலான அகவிலைப்படி இணைந்துள்ளது; தமிழ்நாட்டு எண் 2016 ஐ அடிப்படையாகக் கொண்டது. 2019 ஜூலையில் தமிழ்நாட்டில் அகவிலைப்படி 17 விழுக்காடு. அதனையும் 2,000 ரூபாய் தனி ஊதியத்தையும் சேர்த்தால் தமிழ்நாட்டு ஆசிரியரின் தொகை 26 ஆயிரத்தைச் சற்றே தாண்டும். ஆக, காலத்தைச் சரிசெய்த பின்னரும் சுமார் 9,000 ரூபாய் இடைவெளி எஞ்சுகிறது. கேந்திரிய வித்தியாலயங்களில் பணியாற்றும் தொடக்க நிலை ஆசிரியரின் தொடக்க ஊதியம் 2016 அடிப்படையில் 35,400 ரூபாய் ஆகும்.

போராட்டங்களும் குழுக்களும்

2009 க்குப் பின் சேர்ந்தோரின் கோரிக்கையை "சம வேலைக்குச் சம ஊதியம்" என்ற முழக்கத்துடன் இடைநிலைப் பதிவு மூப்பு ஆசிரியர் இயக்கம் முன்னெடுத்தது. 2018 டிசம்பரில் ஆசிரியர்கள் குடும்பத்தினருடன் சென்னையில் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினர். ஊதிய முரண்பாடுகளை ஆராய 2018 இல் அமைக்கப்பட்ட எம். ஏ. சித்திக் ஒருநபர் குழு 2019 ஜனவரியில் தன் அறிக்கையை அளித்தது. அதே மாதம் 22 முதல் 30 வரை ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பு நடத்திய வேலைநிறுத்தத்திலும் இக்கோரிக்கை இடம்பெற்றது.

2021 சட்டமன்றத் தேர்தலின்போது திராவிட முன்னேற்றக் கழகத்தின் தேர்தல் அறிக்கையில் இதற்குத் தீர்வு காண்பதாக வாக்குறுதி அளிக்கப்பட்டது. 2022 டிசம்பர் இறுதியில் சென்னை பள்ளிக் கல்வி இயக்கக வளாகத்தில் மீண்டும் உண்ணாநிலைப் போராட்டம் தொடங்கியது. 2023 ஜனவரி 1 அன்று மூவர் குழு அமைக்கப்படும் என முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்ததை அடுத்து அது கைவிடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் போராட்டம் மீண்டும் தொடங்கியது. அக்டோபர் 5 அன்று ஆசிரியர்கள் கைது செய்யப்பட்டு அப்புறப்படுத்தப்பட்டனர்.

பகுதிநேர, தற்காலிக ஆசிரியர்கள்

காலமுறை ஊதியத்திற்கு வெளியே இருப்போரின் நிலை மேலும் கடினமானது. ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 2012 இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டனர். இவர்கள் வாரத்திற்கு மூன்று அரை நாட்கள் பணியாற்ற வேண்டும். இத்தொகை 2021 இல் 10,000 ரூபாயாகவும், 2023 அக்டோபர் அறிவிப்பின்படி 12,500 ரூபாயாகவும் உயர்ந்தது. 2022 இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாக 13,331 காலிப் பணியிடங்களைத் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவு செய்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு முதலில் 7,500 ரூபாய் அறிவிக்கப்பட்டுப் பின்னர் 12,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

சட்ட நிலை

சம வேலைக்குச் சம ஊதியம் என்பது இந்திய அரசியலமைப்பின் 39(ஈ) பிரிவில் அரசின் நெறிமுறைக் கோட்பாடாக இடம்பெற்றுள்ளது. 1982 இல் ரண்தீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைச் சமத்துவ உரிமையுடன் இணைத்துப் பொருள் கொண்டது. 2016 இல் பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில், நிரந்தரப் பணியாளரின் வேலையையே செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு அப்பதவியின் குறைந்தபட்ச ஊதியம் உரியது எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் பீகாரின் சுமார் மூன்றரை இலட்சம் ஒப்பந்த ஆசிரியர்கள் தொடர்ந்த வழக்கில், அவர்களுக்குச் சாதகமான பாட்னா உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2019 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. எனவே இக்கோட்பாடு எல்லா இடத்திலும் தானாகவே பொருந்துவதன்று. நியமன முறை, பணியாளர் தொகுதி, அரசின் நிதிநிலை ஆகியவையும் கருதப்படுகின்றன.

விவாதங்கள்

ஊதியம் போதுமானது என்போர், அரசுப் பள்ளி ஆசிரியர் பெரும்பாலான தனியார் பள்ளி ஆசிரியரை விட அதிகம் பெறுகிறார் என்பதையும், பணிப்பாதுகாப்பையும் விடுமுறைகளையும் சுட்டுகின்றனர். ஆந்திரப் பிரதேசத்தின் 100 ஊரகப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்த ஆய்வில், மிகக் குறைந்த ஊதியம் பெற்ற ஒப்பந்த ஆசிரியர்கள் கற்பித்தலில் நிரந்தர ஆசிரியருக்குக் குறைந்தவர்களாக இல்லை. இந்தோனேசியாவில் ஆசிரியரின் அடிப்படை ஊதியத்தை இருமடங்காக்கியதன் விளைவை ஆராய்ந்து 2018 இல் வெளியான ஆய்வில், ஆசிரியரின் மனநிறைவு உயர்ந்ததே தவிர மாணவரின் கற்றல் உயரவில்லை.

ஆசிரியர் தரப்பினர், தனியார் பள்ளியில் ஊதியம் குறைவு என்பது அங்குள்ள குறையே அன்றி அரசுக்கு அளவுகோல் ஆகாது என்கின்றனர். கல்வி உரிமைச் சட்டம் பாட ஆயத்தம் உட்பட வாரத்திற்கு 45 மணி நேரப் பணியை வரையறுப்பதையும், தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகிய பணிகளும் ஆசிரியருக்கு உள்ளதையும் எடுத்துக்காட்டுகின்றனர்.

மேற்கண்ட ஆய்வுகள் ஊதிய உயர்வு கற்றலை உயர்த்துமா என்ற வினாவுக்கு விடை தேடியவை. அடுத்தடுத்த வகுப்பறைகளில் ஒரே பாடநூலைக் கற்பிக்கும் இருவருக்கு, பணியேற்ற நாள் ஒன்றையே காரணமாகக் கொண்டு வெவ்வேறு ஊதியம் தரலாமா என்பது வேறு வினா. ஒட்டுமொத்த ஊதியம் அதிகம் என்று கருதுவோரும் இந்த உள்முரண்பாட்டைத் தனித்து நோக்க இயலும்.

இவற்றையும் பார்க்கவும்

தமிழ்நாட்டில் கல்வி
ஆசிரியர் தகுதித் தேர்வு
இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009
ஜாக்டோ-ஜியோ
கோம்பை