ஃபென்டன் வினை

இரும்பு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து, நீரில் கரைந்த கரிம மாசுகளைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்ற முறை. சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி ஆலைகளின் கழிவுநீரில் நுண்ணுயிர்களுக்குச் செரிக்காத சேர்மங்களை உடைக்கப் பயன்படுகிறது.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எச். ஜே. எச். ஃபென்டன் (1854–1929) இதைக் கண்டபோது கழிவுநீரைப் பற்றி நினைத்தவரே அல்லர். புளிக்குப் புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலத்தில் சிறிது பெரஸ் சல்பேட்டையும் (நாட்டு மருந்துக்கடை அன்னபேதி) பெராக்சைடையும் இட்டு, பிறகு காரம் சேர்த்தார், கரைசல் ஊதாவாயிற்று. 1876இல் இதை அந்த அமிலத்தை அறியும் சோதனையாகவே வெளியிட்டார். விரிவான ஆய்வுரை 1894இல்தான் வந்தது. இரும்பு துளியளவே போதும் என்று அதில் காட்டினார்.

காரணம் விளங்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1934இல் ஃபிரிட்ஸ் ஹேபரும் ஜோசப் வைஸும் ஹைட்ராக்சில் தனி உறுப்பைச் சுட்டினர்: இரும்பு அயனி ஓர் எலக்ட்ரானைக் கொடுக்க, பெராக்சைடு பிளந்து அது பிறக்கிறது. ஓசோனின் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் 2.07 வோல்ட், இந்தத் தனி உறுப்புக்கோ சுமார் 2.8. ஆள் பார்த்து வேலை செய்யாது. கிடைத்த மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும், பென்சீன் வளையத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே நீரிலுள்ள பைகார்பனேட்டிடமும் வீணாகும். வினையை நடத்துவது தனி உறுப்பல்ல, கூடுதல் எலக்ட்ரான்களை இழந்த உயர்நிலை இரும்பு அயனியே என்று பிரே, கோரின் இருவரும் 1932இல் முன்வைத்த கருத்தும் கைவிடப்படவில்லை. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

கழிவுநீருக்கு இது வந்தது பிந்தித்தான். 1964இல் ஐசன்ஹவர் பீனால் கழிவில் இதைக் கையாண்டார். 1987இல் கிளேஸும் கூட்டாளிகளும் ஹைட்ராக்சில் தனி உறுப்பை நம்பும் முறைகளுக்கு ‘மேம்பட்ட ஆக்சிஜனேற்றம்’ என்று பெயரிட்டனர். ஃபென்டனும் அக்குடும்பத்தில் சேர்ந்தது. புறஊதா ஒளி பாய்ச்சினால், எலக்ட்ரானைக் கொடுத்துவிட்ட பெரிக் இரும்பு விரைந்து பெரஸாகத் திரும்பி வினை வேகம் பிடிக்கும்.

பொருள்கள் மலிவு, கருவி எளிது. தொல்லை பின்னால் வருகிறது. அமிலம் ஊற்றி பிஹெச் அளவை 3 வரை இறக்கவேண்டும். வினை முடிந்ததும் சுண்ணாம்போ காரமோ இட்டு ஏற்றவேண்டும். அப்போது இரும்பு துருநிறக் கசடாகப் படியும். அதை அகற்றுவது தனிச் செலவு. எஞ்சிய பெராக்சைடு, வேதி ஆக்சிஜன் தேவைச் சோதனையில் டைகுரோமேட்டுடன் வினைபுரிந்து அளவீட்டைப் பொய்யாகக் கூட்டிக்காட்டும்.

நிறம் போனதை வைத்து நீர் சுத்தமாயிற்று என்று முடிவுகட்டக் கூடாது. ஆக்சாலிக் போன்ற சிறு அமிலங்கள் எஞ்சியிருக்கும். அவற்றையும் கார்பன் டைஆக்சைடாக்க வேதிப்பொருளைக் கொட்டுவதைவிட, அந்த மிச்சத்தை நுண்ணுயிர்த் தொட்டியிடம் விடுவதே சிக்கனம்.