பிரிவு 497 (பிறன்மனை உறவுக் குற்றம்)

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, இன்னொருவர் மனைவியுடன் உறவுகொண்ட ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதித்தது. அந்தப் பெண்ணை உடந்தை என்றுகூடச் சேர்க்க அது இடம் தரவில்லை. ஆண்களை வஞ்சிக்கும் சட்டம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பெண்ணியச் சட்டவியலாளர்கள் கண்டது வேறு: சிறைக்குப் போனவனும் ஆண், சட்டத்தின் காவலைப் பெற்றவனும் ஆண்.

மெக்காலேயின் 1837 தண்டனைச் சட்ட வரைவில் இக்குற்றம் இல்லை. பின்னால் வந்த சட்ட ஆணையர்கள் சேர்த்தார்கள். குழந்தை மணமும் பலதார மணமும் நிலவிய நாட்டில் பெண்ணைத் தண்டிப்பது தகாது என்று அவளை விட்டுவிட்டார்கள். அவள்மேல் இரக்கப்பட்டவர்கள், பல மனைவியர் வைத்திருந்தவனை ஒன்றும் கேட்கவில்லை. 1860இல் பிரிவு சட்டமானது.

கணவன் சம்மதித்திருந்தாலோ கண்டும் காணாமல் இருந்திருந்தாலோ குற்றமே இல்லை என்பதுதான் இதன் உயிர்நாடியாக இருந்தது. புகார் கொடுக்கும் உரிமையும், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 198(2)இன்படி, அவனுக்கே இருந்தது. அவன் ஊரில் இல்லையென்றால் அவன் சார்பில் மனைவியைப் பார்த்துக்கொண்டவர் நீதிமன்ற அனுமதியோடு கொடுக்க முடிந்தது. மணமான ஆண் மணமாகாத பெண்ணுடனோ கைம்பெண்ணுடனோ பழகியபோது இப்பிரிவு தொடவில்லை. அவன் மனைவிக்குப் புகார் செய்ய வழியும் இருக்கவில்லை.

பெண்ணுக்கு மட்டும் விலக்கு ஏன் என்று யூசுப் அப்துல் அஜீஸ் வழக்கில் கேட்டபோது, அரசமைப்பின் 15(3)ஆம் உறுப்பு பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தருகிறது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் முடித்துக்கொண்டது. 1985இல் சௌமித்ரி விஷ்ணு வழக்கு. கணவர் வேறொருவர்மீது தொடுத்த வழக்கில் சௌமித்ரி குற்றவாளியும் அல்ல, புகார்தாரரும் அல்ல. ஆனால் விசாரணை முழுக்க அவருடைய நடத்தையைப் பற்றித்தான். மயக்குபவன் ஆணே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து என்று சொல்லி நீதிமன்றம் பிரிவை நிலைநிறுத்தியது. பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு விருப்பம் இருக்கலாம் என்ற எண்ணமே அங்கே எழவில்லை. இத்தகைய பாதுகாப்புவாதத்தை ரத்னா கபூரும் பிரெண்டா காஸ்மனும் 1996இல் வெளிவந்த நூலில் கடுமையாக விமர்சித்தார்கள். ஆண்களின் சலுகையையும் இழப்பையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்று அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் நான்சி டவுட் 2010இல் தனி நூலே எழுதினார்.

சீர்திருத்தம் பேசியவர்களில் பெரும்பாலோர், பெண்ணையும் தண்டித்தால் சமத்துவம் வந்துவிடும் என்றே நினைத்தார்கள். 1971இல் சட்ட ஆணையத்தின் 42ஆம் அறிக்கையும், 2003இல் குற்றவியல் நீதி முறைச் சீர்திருத்தத்துக்கான மளிமத் குழுவும் அதைத்தான் பரிந்துரைத்தன. சட்ட ஆணைய உறுப்பினர் அன்னா சாண்டி மட்டும் பிரிவையே நீக்கச் சொன்னார். இந்தியாவின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதி அவர். அந்தக் குரல் வெல்ல 47 ஆண்டுகள் பிடித்தன.

2017இல் வழக்குத் தொடுத்த ஜோசப் ஷைன் ஓர் ஆண். ஆண் மட்டும் ஏன் குற்றவாளி என்பது அவர் கேள்வி. 2018 செப்டம்பர் 27 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகப் பிரிவை ரத்து செய்தபோது, தீர்ப்பின் கனம் பெண்ணின் கண்ணியத்தின்மேல்தான் விழுந்தது: கணவன் மனைவியின் எசமானன் அல்லன். 1985 தீர்ப்பை எழுதிய ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட்டும் அந்த அமர்வில் இருந்தார். பிறன்மனை உறவு விவாகரத்துக்குக் காரணமாக நீடிக்கிறது. ஆயுதப் படையினர்மீது இதற்காக ஒழுங்கு நடவடிக்கை எடுக்கத் தடையில்லை என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இருபாலருக்கும் பொதுவான குற்றமாக இதை மீண்டும் கொண்டுவரும்படி நாடாளுமன்ற நிலைக்குழு 2023 நவம்பரில் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. ஆனால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 84ஆம் பிரிவு, தகாத உறவு நோக்கத்தோடு இன்னொருவன் மனைவியை ஆசைகாட்டி அழைத்துச் செல்வதை இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றமாகவே வைத்திருக்கிறது. பழைய 498ஆம் பிரிவின் மறுபதிப்பு அது. அதிலும் இன்னொருத்தி கணவன் என்ற பேச்சே இல்லை.