வேலியும் காவலும்



கணினிகளை இணைக்கும் வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்குப் பகுதி தடை அமைத்தால் பாதுகாப்பு மிகுமா? தோட்டக் காரியாலயம் முதல் வைத்தியசாலை வரை இன்று எழும் வினா இது. விடை காண்பதற்கு நம் மலையகத்தின் வரலாறே துணை செய்யும்.

தேயிலை தழைக்கும் இம்மலைகளில் முன்னர்க் கோப்பி செழித்திருந்தது. காடுகள் அழிக்கப்பட்டன, தோட்டத்துக்குத் தோட்டம் இடைவெளியின்றி ஒரே செடி நடப்பட்டது. 1869 ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் துகள் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பெர்க்லி பாதிரியார், அந்நோய்க்குக் காரணமான பூஞ்சணத்துக்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். இதுவே கோப்பித் துருநோய்.

1880 இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர் ஈராண்டுகள் தங்கி ஆராய்ந்தார். நோயின் வித்திகள் காற்றிலே மிதந்து செல்வதைப் பசைப்பொருள் தடவிய கண்ணாடித் தகடுகளில் பிடித்துக் காட்டினார். ஒரே பயிர் தொடர்ச்சியாகப் பரந்து கிடந்தமை நோய்க்கு நல்வழியாயிற்று என்றும், இடையிடையே மரவரிசைகள் நிற்பின் காற்றின் போக்குத் தடைப்படும் என்றும் விளக்கினார். ஆயினும் காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது; 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலையே பின்னர் மலைகளைக் கைக்கொண்டது.

அவ்வாறாயின் வேலி ஒன்றே போதுமா? 1970 இல் பிரேசில் நாட்டில் இத்துருநோய் தோன்றியபோது, ஏறக்குறைய 50 கிலோமீற்றர் அகலத்துக்குக் கோப்பிச் செடிகளை அகற்றி ஒரு வெற்று வலயம் அமைத்தார்கள். நோய் அதனையும் தாண்டிற்று.

கணினி உலகிலும் இவ்விரு பாடங்களையும் காண்கிறோம். 2017 மே மாதத்தில் ‘வன்னாகிரை’ என்னும் தீய நிரல், மனிதர் கைபடாமலே ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவிற்று. இங்கிலாந்தின் 236 அரச மருத்துவக் குழுமங்களுள் 80 க்குக் குறையாதவை பாதிக்கப்பட்டன. அதன் வழியை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. திருத்தம் செய்யாதோரும், இணையத்தை நோக்கிய தடுப்பரணைச் சரிவரப் பேணியிருந்தால் தப்பியிருக்கலாம் என அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் பின்னர்க் கூறிற்று. மறுபுறம், 2010 இல் வெளிப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’, இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரானிய அணு நிலையத்துள்ளும் புகுந்தது. கையடக்க நினைவகக் கோலில் ஏறிச் சென்றது என்பதே ஆராய்ந்தோர் கருத்து.

எனவே, பிரித்தல் பயனுடையது. அது நோயைத் தாமதிக்கச் செய்யும், சேதத்தை ஓரிடத்தில் அடக்கும். ஆயின் எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு வழியும் காவலுக்குட்பட வேண்டும்.

நம் லயங்களை எண்ணிப் பாருங்கள். காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, கூரையோ ஒன்றே. ஒரு காம்பராவில் பற்றிய தீ, கூரைவழியே வரிசை முழுவதையும் உண்ட துயரங்களை நாம் அறிவோம். தோட்டக் காரியாலயத்தில் கொழுந்து நிறுவைக் கணக்கும், சம்பளப் பட்டியலும், சேமலாப நிதிப் பதிவும் உள்ள கணினியை, வருவோர் போவோர் கைப்பேசி இணையும் பாதையிலிருந்து பிரித்துவைத்தல் நன்று. ஆனால் எல்லாப் பகுதிகளையும் ஆளும் கடவுச்சொல் ஒன்றேயாயின், அதுவே அப்பொதுக் கூரை. அது களவு போயின் சுவர்கள் இருந்தும் பயனில்லை. இழப்பு, உழைத்தவரின் கூலிக்கணக்கிலேயே வந்து விழும். ஆதலால் சுவர் எழுப்புவோர் கூரையையும் பிரித்துக் கட்டுவாராக.