ஆடாமல் விட்ட கோப்பை

கம்மாபுரம் டீக்கடையில் வெளிநாட்டு அநியாயம் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும், "நாம இங்க கத்தி அங்க என்னப்பா மாறப்போகுது?" என்று ஒருத்தர் கேட்டுவிடுவார். எனக்கு உடனே 1974 ஞாபகம் வரும்.

அந்த வருஷம் சென்னைக்காரர்களான விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய இந்திய அணி, சோவியத் அணியை வீழ்த்தி டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டிக்குப் போனது. எதிரே தென்னாப்பிரிக்கா. அங்கே நிறவெறி ஆட்சி. கறுப்பின மக்களுக்கு நாடாளுமன்ற ஓட்டு கிடையாது. 1860 முதல் மதராஸில் கப்பலேறிப் போன கரும்புத்தோட்டக் கூலிகளின் வம்சத்துக்கும் கிடையாது. இந்தியா ஆட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. நாம் இன்றுவரை அதை ஜெயித்ததில்லை.

இதற்கு முன்கதை உண்டு. இந்தியர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தி அங்கே சட்டம் வந்த 1946-லேயே, வெள்ளைக்காரன் இங்கிருந்து போவதற்கு முன்பே, இந்தியா அந்நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தியிருந்தது.

மண்டேலா விடுதலையானது 1990-ல். கோப்பையை விட்டு பதினாறு வருஷம் கழித்து. நாம ஆடாததாலதான் அவர் வெளியே வந்தார்னு நான் சொல்லல. பல நாடுகள் இப்படி ஆட்டத்தையும் வியாபாரத்தையும் விட்டுக்கொடுத்தன. அந்த ஆட்சி தனிமைப்பட்டது அப்படித்தான். அதில் நம்ம பங்கு, கைக்கெட்டிய ஒரு கோப்பை.