நீரோரத்து நிழல்: பத்ரின் அரீஷும் தில்லியின் மதரஸாவும்

செம்பரம்பாக்கத்தில் புதுமனை கட்டியிருக்கும் நண்பர் ஒருவர், கொல்லைப்புறத்தில் நீச்சல்குளமும் அதன் கரையில் மரத்தளமும் நிழலுக்கு ஒரு 'பெர்கோலா'வும் அமைக்க விரும்பினார். "ஹஜ்ரத், இது வீண்விரயத்தில் சேருமா?" என்று என்னிடம் கேட்டார். அன்று நான் விடை கூறவில்லை. பின்னர் வரலாற்று நூல்களைப் புரட்டியபோது தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன்.

பெர்கோலா என்பது இத்தாலியப் பெயர். பொருள் நமக்குப் புதிதன்று. தூண் நட்டுக் குறுக்குச் சட்டம் பரப்பி, மேலே ஓலை வேய்ந்தோ கொடி படரவிட்டோ அமைக்கும் பந்தலை அரபியர் 'அரீஷ்' என்பர். பந்தலில் படரும் தோட்டங்களையும் படராதவற்றையும் இறைவனின் படைப்பாக அல்அன்ஆம் அத்தியாயம் குறிப்பிடும் இடத்தில் வருவதும் இதே வேர்ச்சொல்தான்.

ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) பத்ரின் கிணறுகளை ஒட்டி முஸ்லிம்கள் தங்கியபோது, ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் யோசனைப்படி நபி (ஸல்) அவர்களுக்கு ஓர் அரீஷ் எழுப்பப்பட்டது. மதீனாப் பள்ளிவாசலின் கூரையும் பேரீச்ச மரத் தூண்களின் மீது ஓலை வேய்ந்ததே. ஒருமுறை மழை ஒழுகி, ஸஜ்தா செய்த நபியவர்களின் நெற்றியில் சேறு படிந்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பின்னாளில் அப்பள்ளியைப் புதுப்பித்த உமர் (ரலி) அவர்கள், மக்களை மழையிலிருந்து காக்குமாறும், சிவப்பு மஞ்சள் வண்ணம் பூசி அவர்களின் கவனத்தைச் சிதைக்காதிருக்குமாறும் கட்டளையிட்டார்கள். உஸ்மான் (ரலி) காலத்தில் கூரைக்குத் தேக்கு வந்தது. கட்டிடம் உயர்வதில் குற்றமில்லை. அது எதற்காக உயர்கிறது என்பதே அவர்களின் கவலை.

நீரோரத்து நிழலுக்கு என் மனம் நிறைந்த எடுத்துக்காட்டு தில்லியில் உள்ளது. (மதரஸா ஆசிரியனுக்கு மதரஸாவே கண்ணில் படும் என்று நண்பர்கள் சிரிக்கலாம்.) சீரி நகரத்தாரின் தண்ணீர்த் தேவைக்காக அலாவுத்தீன் கில்ஜி வெட்டிய நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட ஏரியே இன்றைய ஹவ்ஸ் காஸ். அதன் கரையில் 1352 வாக்கில் ஃபிரோஸ் ஷா துக்ளக் ஒரு மதரஸா கட்டினார். கிழக்கிலும் தெற்கிலுமாக இரு கைகள். இரண்டும் சேரும் மூலையில் பிற்பாடு அவருடைய கல்லறை. மேல்தளத்தில் தூண் மண்டபங்கள், நீரை நோக்கி நீண்ட மாடங்கள், அங்கிருந்து ஏரிக்கு இறங்கும் படிகள். நீரைத் தழுவி வரும் காற்றே கோடையில் பாடம் நடக்கத் துணை நின்றது.

ஆனால் மண்டபத்தை விட முக்கியமானது அதற்கு முந்திய வேலை. சுல்தான் பட்டமேறியபோது அந்த ஏரி தூர்ந்து வறண்டு கிடந்தது. மக்கள் அதன் படுகையில் பயிரிட்டார்கள். கிணறு தோண்டித் தண்ணீரை விற்றார்கள். இதை அவரே தம் 'ஃபுதூஹாத்' நூலில் கூறியுள்ளார். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த சென்னைவாசிக்கு இந்த வரலாறு அந்நியமாகத் தோன்றாது. இல்துத்மிஷ் வெட்டிய ஷம்ஸி ஏரிக்கு நீர் வரும் கால்வாய்களையும் சிலர் அடைத்திருந்தனர். அவர்களைத் தண்டித்துக் கால்வாய்களைத் திறந்துவிட்டதாகவும் அந்நூலில் எழுதினார். அலாவுத்தீனின் ஏரியைத் தூர்வாரி நீர் நிறைத்த பிறகே அதன் கரைக்கு மண்டபம் பொருந்தியது.

நண்பரின் மனைக்கு அருகிலுள்ள ஏரியோ 2015 டிசம்பரில் உபரிநீரை அடையாற்றில் கொட்டியது. 2019 கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்தது. இவ்விரண்டையும் கண்ட ஊரில் மனைக்குள் ஒரு குளம் வெட்டுவோர், அதை நிரப்பும் நீர் எங்கிருந்து வரும், மழைநாளில் வழியும் நீர் எங்கே போகும் என்று முதலில் பார்க்கவேண்டும். நீர்த்துறையையும் மக்கள் ஒதுங்கும் நிழலையும் அசுத்தம் செய்வது சாபத்திற்குரியது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நீரும் நிழலும் வேலிக்குள் இருந்தாலும் அண்டை வீட்டாருக்கும் அவற்றில் ஒரு பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

நிழலில் தடையில்லை, தண்ணீரின் கணக்கை மட்டும் பாருங்கள் என்று நண்பரிடம் கூறினேன். குளம் இன்னும் தோண்டப்படவில்லை. கூரைநீரைக் கிணற்றுக்குத் திருப்பும் வேலை முதலில் நடக்கிறது. மரத்தளத்தின் பலகைகளுக்கிடையே மழைநீர் மண்ணில் இறங்க இடைவெளி விடுவதாகவும் முடிவாயிற்று. பந்தலுக்குத் தேக்குதான் வேண்டுமா, சவுக்குப் போதுமா என்று ஆசாரியோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.