வசந்தகாலச் சிறுபண்ணையில் கோழியும் மயிலும்

பிரிட்டன், வட அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளில் வீட்டையொட்டிய சிறு பண்ணைகளில் கோழிகளோடு இந்திய மயிலையும் வளர்ப்பவர்கள் உண்டு. மயிலின் தாய்நாட்டில் அது முடியாது. 1963இல் தேசியப் பறவையான மயில், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

குளிர்காலத்தில் முட்டையிடுவதைக் குறைத்துக்கொண்ட கோழி, வசந்தத்தில் பகல் நீண்டு 14 மணி நேரத்தைத் தொடும்போது மும்முரமாக இடும். மயில் சற்றுப் பிந்தும். ஏப்ரல் வாக்கில் ஆண்மயில் தோகை விரித்து அகவத் தொடங்கும். இரவிலும் அகவுவதால் அக்கம்பக்கத்தாரின் பொறுமையையும் கணக்கில் கொண்டே இதில் இறங்க வேண்டும். பெண்மயில் பெரும்பாலும் இரண்டு வயதில் தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும். ஆணுக்கு முழுத் தோகை வர மூன்று வயதாகும்.

முட்டைகளை அவ்வப்போது எடுத்துவிட்டால் பெண்மயில் மேலும் இடும். எடுத்தவற்றை அடைக்கோழிக்கு வைப்பது மிகப் பழைய வழக்கம். கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா இதற்கு ஒரு கணக்கே தந்திருக்கிறார். கோழிமுட்டை 21 நாளில் பொரியும், மயில்முட்டைக்கு 28 நாளாவது வேண்டும். ஆகவே ஐந்து மயில்முட்டைகளோடு நான்கு கோழிமுட்டைகளை அடைவைத்து, பத்தாம் நாள் கோழிமுட்டைகளை மட்டும் எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தால் எல்லாம் ஏறத்தாழ ஒன்றாகப் பொரியும் என்பது அவர் கணக்கு. பெரிய முட்டையைக் கோழியால் எளிதில் புரட்ட முடியாது என்பதால் ஆளே கையால் புரட்டிவிட வேண்டும் என்கிறார். இன்றைக்கும் குறை சொல்ல முடியாத யோசனை.

ஆனால் மயில்குஞ்சுக்கு நல்ல தாயாக இருக்கும் அதே கோழிதான் அதன் பெரிய ஆபத்தும். கோழியின் குடல்வாலில் வாழும் ஹெட்டராகிஸ் என்ற புழுவின் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒருசெல் உயிரி ஒளிந்திருக்கும். கோழியை அது பெரும்பாலும் வாட்டுவதில்லை. மயிலிலும் வான்கோழியிலும் குடல்வாலையும் கல்லீரலையும் அரித்து, கந்தக மஞ்சள் நிறத்தில் கழிச்சலை உண்டாக்கிக் கொன்றுவிடும். 'கருந்தலை நோய்' என்று பெயர் இருந்தாலும் தலை கறுக்க வேண்டும் என்பதில்லை. புழுமுட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும். மண்புழு அதைத் தின்று தனக்குள் சேர்த்து வைத்திருக்கும். வசந்த மழையில் மேலே வரும் மண்புழுவை மயில் ஆசையாகக் கொத்துகிறது. அமெரிக்காவில் இந்நோயைத் தடுக்க இருந்த நைட்டார்சோன் என்ற ஆர்செனிக் மருந்துக்கான அனுமதி 2015 முடிவில் விலக்கப்பட்டது. எனவே கோழி மேய்ந்த நிலத்தில் மயிலை விடாதிருப்பதும், இரண்டுக்கும் குடற்புழு நீக்குவதும்தான் மிஞ்சியிருக்கும் வழி. அடைக்கோழியை வைப்பதானால் அதற்கு முன்கூட்டியே புழுநீக்கம் செய்துவிட வேண்டும். இடம் குறுகியவர்கள் இன்குபேட்டரை நாடுவதே மேல்.

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளுக்கு முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. அதன்பின் வாரத்துக்கு மூன்று பாகை குறைக்கலாம். மயில்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிடப் புரதம் மிகுந்த தீவனம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போடக்கூடாது. அதிலுள்ள மிகை சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

காட்டுப்பறவைகள் வலசை வரும் பருவம் என்பதால் பறவைக் காய்ச்சல் அச்சமும் உண்டு. இதுபோன்ற நோய்களைக் கட்டுப்படுத்த, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதல், கொல்லையில் ஒரே ஒரு கோழி வைத்திருப்பவரும் அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.